அப்பாவின் பெட்டி: துருத்தி, ரீடு, ஐந்து கட்டை

ஆர்மோனியப் பெட்டியின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 39 கட்டை, டபுள் ரீடு (ரீடு என்பது சத்தம் தருகிற பித்தளைத் தகடு). அதாவது ஒவ்வொரு கட்டைக்கும் கீழ் ஸ்தாயியில் ஒன்று, நடு ஸ்தாயியில் ஒன்று என்று மொத்தம் 78 ரீடுகள். பரணிலிருந்து இறக்கித் துருத்தியை இழுத்து அழுத்தினால் புஸ் என்று காற்றுதான் வந்தது. எந்தக் கட்டையையும் தொடாமலே மூன்று சுரங்கள் சேர்ந்து முனகின. சில கட்டைகள் அழுத்தினால் கீழேயே நின்றுவிட்டன, விரலால் நெம்பித்தான் மேலே தூக்க வேண்டியிருந்தது. நடுவில் ஏழாம் கட்டையின் ஒரு ரீடு அடியோடு ஊமை. (ஒவ்வொரு ஸ்தாயியிலும் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவோம், நடுவே இருக்கும் கறுப்பை ஒன்றரை, இரண்டரை என்போம்.)

இது என் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி. அவர் பகலில் கடலூர் முதுநகரில் (ஓல்டு டவுன், நாங்கள் ஓ.டி. என்போம்) ஒரு ஐஸ் கம்பெனியில் ஃபிட்டர். பங்குனி பிறந்து ஆடி முடிகிறவரை பல ராத்திரிகளில் தெருக்கூத்து ஜமாவுக்குப் பெட்டிக்காரர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி கூத்து வைக்கிற ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய. சீசனில் அப்பா விடியற்காலை பஸ் பிடித்து வந்து, குளித்து, அப்படியே கம்பெனிக்குப் போவார். பெட்டி அன்று முழுக்கத் திண்ணையில் தூங்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, பெட்டி நனைந்தது. அப்பா அதை வெயிலில் வைக்கவே இல்லை. நிழலில், பேன் காற்றில் வாரக்கணக்கில் உலர்த்தினார். ‘வெயில்ல வெச்சா பலகை முறுக்கிக்கும்’ என்றார். அப்புறமும் அதிலேயே வாசித்தார். அவர் போன பிறகுதான் பரணுக்கு ஏறியது. கடல் பக்கத்து ஊரில் பித்தளைச் சாமானைச் சும்மா வைத்தால் என்ன ஆகும் என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழுது பார்க்கிற ஒருவரிடம் முதலில் காட்டினேன். போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து நாலு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘டியூனிங் மொத்தமா போயிடுச்சும்மா, ரீடு செட்டையே மாத்தி 440க்கு வெச்சுத் தர்றேன்’ என்றார். 440 என்பது இப்போது பொதுவாக வைக்கிற சுருதி அளவு. விலையும் நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் ரீடை மாற்றினால் மிச்சம் இருப்பது ஒரு மரப்பெட்டி. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எடுத்து வந்துவிட்டேன். சின்ன வயதில் அப்பா பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் கூட உட்கார்ந்திருந்தவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று பயம் கிடையாது.

துருத்தியில்தான் ஆரம்பித்தேன். காற்று நிற்காமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். கைத்துருத்தி வெளியே இருப்பது. அது வெளிக்காற்றை இழுத்து, அடியில் படுத்திருக்கும் உள்துருத்திக்குள் தள்ளும். உள்துருத்தியை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் கை நின்றாலும் சத்தம் கொஞ்ச நேரம் அறாமல் வருகிறது. உள்ளே போன காற்று வெளியே திரும்பாமலிருக்க, ஓட்டைகளின் மேல் மெல்லிய தோலில் வால்வு ஒட்டியிருப்பார்கள். அந்தத் தோல் காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. போட்ட காற்றில் பாதி அந்த வழியாகவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

துருத்தி மடிப்பில் ஓட்டை தேட அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச்சைக் கொளுத்தி வைப்பார். மடிப்பு மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். எங்கே தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். நான் போனின் டார்ச்சைப் போட்டேன். மூலைகள் எல்லாம் நட்சத்திரமாக மின்னின. கரண்ட் போன ஒரு மாலையில் செய்தது வசதியாகப் போயிற்று.

ஒட்டுவதற்கு வச்சிரம்தான் வாங்கினேன், தோலும் எலும்பும் காய்ச்சிச் செய்கிற பழைய பசை. மரவேலைச் சாமான் விற்கிற கடையில் இன்னும் கிடைக்கிறது, தட்டைத் தட்டையாகப் பழுப்பு நிறத்தில். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடு காட்ட வேண்டும். 60 டிகிரி போதும், வச்சிரம் கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும். வாடைக்கு அம்மா கொல்லைப்புறத்துக்கு விரட்டிவிட்டார். ஃபெவிகால் சுலபம்தான். ஆனால் அடுத்த முறை பிரிக்கும்போது அது தோலையும் அட்டையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். வச்சிரம் வெந்நீர் ஒத்தடத்துக்கு விட்டுக் கொடுத்துவிடும். இந்தப் பெட்டியை என் காலத்துக்கு அப்புறமும் யாராவது பிரிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் வேலை செய்தேன்.

மூலைகளுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு, மடிப்புகளுக்குக் காடாத் துணிப் பட்டை. வால்வுத் தோல் புதிது. ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, காற்று வழியை அடைக்கிற ஸ்டாப்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் துருத்தி போட்டேன். உள்துருத்தி உப்பியபடியே நின்றது. இதுதான் பரீட்சை. ஸ்டாப்பர் மூடியிருக்கும்போது துருத்தி தானாக இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டைகள் நின்றுபோனதற்குக் காரணம் மரம் ஈரத்தில் ஊதியது. பக்கத்துக் கட்டையோடு உரசுகிற இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாள் தேய்த்தால் போதும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில், ரீடு பலகையின் ஓட்டையை மூடுகிற ஃபெல்ட்டும் தோலும் இருக்கும். கட்டையை அழுத்தினால் அது தூக்கும், காற்று ரீடு வழியாகப் போகும். பூச்சி அரித்த ஃபெல்ட் ஓட்டையை முழுக்க மூடாது, அதனால்தான் தொடாமலே முனகல். ஃபெல்ட் எல்லாவற்றையும் மாற்றினேன். தோலின் சொரசொரப்பான பக்கம் ஓட்டையைப் பார்த்து இருக்க வேண்டும், வழவழப்பான பக்கம் வைத்தால் ஒட்டிக்கொண்டு ‘டப்’ என்று சத்தம் வரும். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை, அலுப்புப் பிடித்த வேலை.

ரீடுகளைக் கழற்றும் முன் தெர்மாகோல் பலகையில் 78 கட்டம் போட்டு எண் எழுதிக்கொண்டேன். இரண்டு ரீடு இடம் மாறினால் அப்புறம் கோயில் குளம்தான். ரீடு என்பது ஒரு பித்தளைத் தகடு, நடுவில் நீளமாக ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் உரசாமல் ஆடுகிற மாதிரி ஒரு பித்தளை நாக்கு, ஒரு முனையில் மட்டும் ஆணி அறைந்திருக்கும். காற்று போகும்போது நாக்கு அந்த வெட்டுக்குள் மேலும் கீழும் ஆடும், சத்தம் அதிலிருந்துதான். அப்பா பெட்டியின் நாக்குகளில் பச்சைக் களிம்பு. அம்மா பார்த்துவிட்டு, ‘பித்தளைதானே, புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடாது?’ என்றார். பளிச்சென்று ஆகும், சுருதியும் போய்விடும். நாக்கில் ஒரு மயிரிழை பித்தளை குறைந்தாலும் சுரம் மாறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துக் களிம்பை மட்டும் எடுத்தேன், உலோகத்தைத் தொடவில்லை.

ரீடு சுத்தமாகி, பெட்டி மூச்சுவிட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு ரீடாக அளந்து நோட்டில் எழுதினேன். ஆப் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சென்ட் கணக்கில் காட்டும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே 100 சென்ட், ஒரு ஸ்தாயிக்கு 1200. பழைய பெட்டி என்பதால் மொத்தமாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது, அது பரவாயில்லை. ஆனால் நோட்டில் எழுத எழுத ஒன்று உறுத்தியது. வயசாகிக் கெட்டுப்போன பெட்டி என்றால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கண்டபடி இருக்க வேண்டும். இதில் ஏழாம் கட்டைகள் எல்லாம், மூன்று ஸ்தாயியிலும், இரண்டு வரிசையிலும், கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன. மூன்றாம் கட்டைகளும் அப்படியே. ஆறரையும் இரண்டரையும் அதே மாதிரி ஏறியிருந்தன. துரு இவ்வளவு ஒழுங்காகப் பிடிக்காது.

எந்தக் கட்டையை ச என்று வைத்துக் கணக்குப் பார்ப்பது என்பதுதான் சாவி. அப்பாவோடு கடைசிவரை மத்தளம் வாசித்த மாமா இப்போது கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் கேட்டேன்.

‘உங்கப்பன் பெட்டி அஞ்சு கட்டைலதான் நிக்கும் கண்ணு. வேசக்காரன் எவனாச்சும் நாலரை கேட்டா, தொண்ட கட்டிக்கிச்சுன்னா படுத்துத் தூங்குடாம்பான்.’

ஐந்து கட்டையை ச என்று வைத்து நோட்டை மறுபடி எழுதினேன். ஏழாம் கட்டை அந்தர காந்தாரம் (ச ரி க-வில் வருகிற க), 13 முதல் 15 சென்ட் வரை இறக்கம். மூன்றாம் கட்டை சதுஸ்ருதி தைவதம், 15, 16 இறக்கம். ஆறரை சாதாரண காந்தாரம், 16 ஏற்றம். இரண்டரை சுத்த தைவதம், அதுவும் ஏற்றம். நாலரை காகலி நிஷாதம், 12 இறக்கம். பஞ்சமம் மட்டும் இம்மி பிசகாமல் இருந்தது.

சங்கீதம் படித்தவர்களுக்கு இந்த எண்கள் புதிதல்ல. ஆர்மோனியம் செய்கிற கம்பெனிகளில் ஸ்தாயியைப் பன்னிரண்டாகச் சமமாக வெட்டித்தான் டியூன் செய்கிறார்கள். எந்தக் கட்டையில் ச வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், எதுவுமே முழுசாகச் சேராது. தம்பூரா சுருதியோடு சேர்ந்து பாடுகிறவருடைய காந்தாரம் ச-வுக்கு 5-க்கு 4 என்ற விகிதத்தில் நிற்கும். அது 386 சென்ட். பெட்டியின் சம காந்தாரம் 400. அந்த 14 சென்டைத்தான் யாரோ சுரண்டி இறக்கியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா பெட்டியைத் திறந்துபோட்டு உட்காருவார். துருத்தி போடுவது என் வேலை. ‘ஒரே சீரா போடு, மூச்சு விடுற மாதிரி போடு’ என்பார். ச-வையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘ஆடுதா பாப்பா?’ என்று கேட்பார். காது வைத்துக் கேட்டால் இரண்டு சுரத்துக்கும் நடுவே ஒரு நடுக்கம் கேட்கும். ‘ஆடுது.’ ரீடைக் கழற்றிச் சுரண்டி மறுபடி மாட்டுவார். ‘இப்போ?’ ‘ஆடுது, ஆனா மெதுவா.’ இன்னும் ரெண்டு இழுப்பு. ‘இப்போ?’ ‘நின்னுடுச்சுப்பா.’ நின்றுவிட்டால் அந்த ரீடு முடிந்தது, அடுத்ததற்குப் போவார். எனக்கு அது ஒரு விளையாட்டு. சில நாள் வேண்டுமென்றே ‘இன்னும் ஆடுது’ என்பேன். அப்பா ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த ஆட்டம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்தபோது புரிந்தது. ச வினாடிக்கு 196 அதிர்வு என்றால் அதன் ஐந்து மடங்கு 980. சமமாக வெட்டிய காந்தாரம் 246.9, அதன் நான்கு மடங்கு 987 சொச்சம். இந்த இரண்டும் மோதி வினாடிக்கு எட்டு தரம் போல ஆடுகின்றன. காந்தாரத்தை 245க்கு இறக்கினால் நான்கு மடங்கும் 980. மோத ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அலை அடங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அலை அடங்கியதா என்று சொல்ல என் காதையும் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் பூதக்கண்ணாடி வைத்து ரீடுகளைத் திரும்பப் பார்த்தேன். களிம்பு போனதும் தெளிவாகத் தெரிந்தது. ஏழாம், மூன்றாம் கட்டை நாக்குகளில் ஆணிக்குப் பக்கத்தில், அடிப்பாகத்தில், குறுக்காக நெருக்கமான கீறல்கள். ஆறரை, இரண்டரை நாக்குகளில் கீறல்கள் நுனியில். அடியில் சுரண்டினால் நாக்கின் விறைப்பு குறைந்து சுரம் இறங்கும். நுனியில் சுரண்டினால் பாரம் குறைந்து சுரம் ஏறும். ஐந்தாம் கட்டை நாக்குகளில் ஒரு கீறல்கூட இல்லை, கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. ச-வைத் தொடாமல் மற்றதையெல்லாம் அதற்குக் கட்டுப்படுத்தியிருக்கிறார். கீறல்களின் சாய்வு கூட எல்லாவற்றிலும் ஒரே பக்கம்தான், வலது கைக்காரர் தன் பக்கமாக இழுத்தது. உடைந்த ஆக்ஸா பிளேடை கம்பெனி சாணைக் கல்லில் தீட்டி வைத்திருந்த அவருடைய சுரண்டி, ஸ்பேனர் டப்பாவில் அப்படியே இருந்தது.

ஆர்மோனியத்தை நம் சங்கீதத்துக்கு ஆகாத கருவி என்று வைதவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. 1842இல் பாரீஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவி. அங்கே காலால் மிதித்துத்தான் வாசித்தார்கள். தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடுகிற பெட்டியாக அதை மாற்றியது கல்கத்தாக்காரர்கள். நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் பரவியது. 1940இல் ஆல் இந்தியா ரேடியோ அதற்குத் தடை போட்டது, 1971 வாக்கில்தான் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. சுரத்தை வளைக்க முடியாது, கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வராது, மேல்நாட்டுச் சமப் பிரிப்பு நம் காதைக் கெடுக்கும் என்பது குற்றச்சாட்டு. பாரதியாரும் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அவர் 1908 முதல் 1918 வரை இருந்த புதுச்சேரியிலேயேதான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளும் 1922இல் கண்ணை மூடினார். சுவாமிகளின் நாடக மரபோ பெட்டி இல்லாமல் ஓர் அடி நகராது. புதுச்சேரிக்கு எந்த வேலையாகப் போனாலும் கருவடிக்குப்பத்தில் சுவாமிகள் சமாதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அப்பா பஸ் ஏறுவார்.

கமகம் வராது என்பதை அப்பாவும் மறுக்க மாட்டார். ‘அதுக்கு முகவீணக்காரர் இருக்காரு’ என்பார். முகவீணை, கூத்தில் ஊதுகிற சின்ன நாயனம். ஆனால் சேராத காந்தாரத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மோகனத்தில் ஒரு தரு (கூத்துப் பாட்டு) எடுத்தால், ஐந்தாம் கட்டைக்கு அந்த ராகத்தின் காந்தாரமும் தைவதமும் ஏழும் மூன்றும்தான். அவர் அதிகம் இறக்கியதும் இந்த இரண்டைத்தான். குற்றச்சாட்டில் பாதிக்கு அவர் கையில் பதில் இருந்தது. விலை, ஒரே கட்டையில் கட்டுண்டு கிடப்பது. அதைத் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் என் வேலை மாறிப்போனது. டியூன் செய்ய வேண்டிய பெட்டி என்று நினைத்து இறக்கினேன். இப்போது 78இல் பெரும்பாலானவற்றைத் தொடாமல் விடுவதுதான் வேலை. நுனியில் அழுக்கு உறைந்து இறங்கியிருந்த சில ரீடுகள் சுத்தம் செய்ததும் தானாகத் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. நாக்கு தகட்டோடு மிகவும் படிந்துபோய்ப் பேச மறுத்த இரண்டை, பிளேடு நுனியால் மெல்ல நிமிர்த்தினேன். நாக்கு தகட்டுக்கு மேல் இம்மியளவு தூக்கியிருந்தால்தான் காற்றுப் பட்டதும் ஆடத் தொடங்கும். அதிகம் தூக்கினால் காற்றை முழுங்கும்.

மிச்சம் இருந்தது அந்த ஊமை ரீடு. நடுவில் ஏழாம் கட்டை, கை அதிகம் போகிற இடம். நாக்கு அடியோடு முறிந்திருந்தது. முறிந்த இடம், அப்பா சுரண்டி மெலிந்த அதே இடம். பாடகர் காந்தாரத்தில் நின்று இழுக்கும்போதெல்லாம் அப்பாவும் கூடவே அதை அழுத்திப் பிடித்திருப்பார். வருஷக்கணக்கில் ஆடி ஆடி, மெலிந்த இடத்தில் பித்தளை களைத்துவிட்டது.

புதுச்சேரியில் ஒரு வாத்தியக் கடையில், உடைந்ததை மாதிரிக்குக் காட்டி, அதே நீள அகலத்தில் ஒற்றை ரீடு வாங்கினேன். குஜராத்தில் பாலிதானாவில் செய்து வருவது என்றார் கடைக்காரர். ஒன்று மட்டும் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வீட்டுக்கு வந்து மாட்டி அழுத்தினால் புது ரீடு கூர்மையாக, பளீரென்று, சமப் பிரிப்புக் காந்தாரமாக ஒலித்தது. ஐந்தாம் கட்டையோடு சேர்த்துப் பிடித்தேன். ஆடியது.

தம்பி மகளைக் கூப்பிட்டுத் துருத்தி போடச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது, கீபோர்டு கிளாஸ் போகிறாள். துருத்தியைச் சண்டை போடுகிற மாதிரி போட்டாள். காற்று அழுத்தம் ஏறினால் சுரமும் லேசாக அசையும். ‘சீரா போடுடா, மூச்சு விடுற மாதிரி’ என்றேன். நாக்குக்கு அடியில் மெல்லிய சவர பிளேடு ஒன்றைச் செருகித் தாங்கல் கொடுத்து, அப்பாவின் சுரண்டியால் ஆணிக்குப் பக்கத்தில் குறுக்கே இழுத்தேன். ஒரே இழுப்பு, பொடியை ஊதிவிட்டு மாட்டிக் கேட்க வேண்டும். பெட்டிக்கு வெளியே வைத்துக் கேட்டு நம்பக் கூடாது, பலகையில் திருகிய பிறகு சுரம் கொஞ்சம் நகரும். சுரண்டிய சூடு ஆறவும் விட வேண்டும்.

ஆப்பை அணைத்து வைத்துவிட்டேன். மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் அப்பா வைத்த காந்தாரங்கள் இருக்கின்றன, அவற்றை விட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? முதலில் ச-வோடு அலை மெதுவாகும்வரை கொண்டுவந்தேன். அப்புறம் ஸ்தாயி காந்தாரத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஸ்தாயியில் ஆட்டம் இன்னும் துல்லியமாகத் தெரியும், ஒளிய இடமே இல்லை. துருத்தி போட்டுக்கொண்டிருந்தவள் நான் கேட்காமலே ‘அத்தை, வ்வ வ்வ வ்வன்னு வருதே, அது என்ன?’ என்றாள். ‘அது நின்னா சொல்லு’ என்றேன். அப்புறம் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். ச-வை வைத்துப் பார்த்தால், சம காந்தாரத்திலிருந்து 14 இறக்கம்.

மத்தள மாமா ஒரு சாயங்காலம் வந்து கேட்டார். கண் சரியாகத் தெரியவில்லை, காது எப்போதும் போல. வாசிக்கத் தெரியாது என்றாலும் ஐந்தையும் ஏழையும் தேடி அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். அப்பாவின் காரியத்தன்று ராத்திரி ஜமாவே வந்து கர்ண மோட்சம் ஆடியது. எங்கள் பக்கத்தில் இறந்தவருக்காக அந்தக் கூத்து வைப்பது வழக்கம். அன்று யாரோ ஒருவரின் எலக்ட்ரானிக் கீபோர்டுதான் ஒலித்தது. ‘அன்னிக்கி உங்கப்பன் எழுந்து வந்திருந்தா முதல்ல அத ஆஃப் பண்ணியிருப்பான்’ என்று மாமா சிரித்தார்.

எனக்கு அன்றைய கூத்து அவ்வளவாக நினைவில்லை. நினைவிலிருப்பது எங்கள் தெருக் கோயிலில் அர்ச்சுனன் தபசுக் கூத்து. பெட்டி வைத்த பெஞ்சுக்கு அடியில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்திருப்பார். தூக்கம் சொக்கிவிடும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறத் தொடங்கும்போது அப்பாவால் வாசிப்பை விட்டுவிட்டு என்னை எழுப்ப முடியாது. மேல் ச-வை மட்டும் ஒரு அமுக்கு அமுக்கிப் பிடிப்பார். பெஞ்சுப் பலகை வழியாக அது காதுக்குள் இறங்கும். மேலேயிருந்து எறிகிற எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கப் பெண்கள் மடியேந்தி நிற்கும்போது நானும் எழுந்து நிற்பேன். பழுது முடிந்த பெட்டியில் அந்த மேல் ச-வைத்தான் முதலில் அழுத்தினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் அழுத்தியது முனகிக்கொண்டிருந்த ஐந்தரையை, ஃபெல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க.

இன்னும் சில வேலை பாக்கி. சுருதிக்கு இழுத்துவிடுகிற ஸ்டாப்பரில் ஒன்று காற்று விடுகிறது. கீழ் வரிசையில் ஒரு தடித்த ரீடு அழுத்திப் போட்டால் இரைகிறது, நாக்கு தகட்டு ஓரத்தில் உரசுகிறது போல. திருகாணியைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். வார்னிஷ் போடப் போவதில்லை.

ஆடிக் கூத்துக்குப் பெட்டி கேட்டு ஜமாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் வந்தான், ஐ.டி.ஐ. படிக்கிறான். நன்றாகவே வாசிக்கிறான். எடுத்துப்போகச் சொன்னேன். இரண்டு நாளில் போன் வந்தது.

‘அக்கா, அஞ்சுல செமையா இருக்குது. நாலரைல வெச்சா மட்டும் காந்தாரம் கண்றாவியா இருக்குக்கா. எங்க வாத்தியாருக்கு நாலரைதான் எட்டுது.’

இருக்கத்தான் செய்யும். நாலரையில் ச வைத்தால் காந்தாரம் ஆறரையில் விழுகிறது. 12 இறங்கிய கட்டைக்கும் 16 ஏறிய கட்டைக்கும் நடுவே 428 சென்ட். எந்தக் காதும் ஒத்துக்கொள்ளாது.

‘நாலரைக்கு நீ கீபோர்டு வெச்சுக்கோப்பா’ என்றேன். ‘இதை அஞ்சுல மட்டும் வாசி. வாத்தியாருக்கு அஞ்சு எட்டுற அன்னிக்கி எடுத்துட்டுப் போ.’